அலைக்கரையில் ஃப்ளை ஃபிஷிங்: 9 அடித் தூண்டில் கோலை மாற்றலாமா?

தென் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் கடற்கரையில் மே மாதத்திலிருந்து ஃப்ளை ஃபிஷிங் (இலேசான போலி இரையை, கனமான நூலின் எடையால் எறிந்து மீன் பிடிப்பது) செய்கிறேன். மணல் நண்டு தின்ன வரும் கோர்பீனா மீனின் முதுகு கணுக்கால் ஆழத் தண்ணீரில் வெளியே தெரிகிறது. ஆனால் மீன் கடிப்பது கைக்குத் தெரிவதில்லை. கொக்கி விழுந்ததும் அடுத்த அலை நூலைக் கரைக்குத் தள்ளித் தொய்வாக்கிவிடுகிறது.

என்னிடம் இருப்பது 9 அடி, 8 வெயிட் கோல் (வெயிட் என்பது கோல் எவ்வளவு கனமான நூலுக்கு ஏற்றது என்று காட்டும் எண்). நூலின் முனையில் 30 அடி ஷூட்டிங் ஹெட், அதாவது தூரம் எறிய உதவும் கனமான பகுதி. மிதக்கும் நூலை விட்டு, விநாடிக்கு 6 அங்குலம் அமிழும் நூலுக்கு மாறினேன். தொய்வு குறைந்தது, போகவில்லை. இழுத்த நூலைப் போட்டு வைக்க இடுப்பில் கூடை கட்டியதும் நூல் காலில் சுற்றுவது நின்றது, அது பெரிய நிம்மதி. பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் எறிவதே பெரும்பாடு. கரை சரிவாக இருப்பதால் பின்வீச்சில் கொக்கி மணலில் உரசி முனை மழுங்குகிறது. தோளும் வலிக்கிறது.

11 அடி, 7 வெயிட் இருகைக் கோல் நூலை அலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் என்கிறார்கள். ஆனால் காலடியில் மேயும் கோர்பீனாவுக்குக் குறுவீச்சுதானே வேண்டும்?

இரண்டையும் அலையில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்றால், 11 அடி இருகைக் கோலா, 10 அடி ஒற்றைக்கைக் கோலா?