புயலுக்கு முன்னாடி கூண்டை முக்கிட்டா போதுமா?

பாசிமணி:
சென்னைக்குத் தெற்கே நீலாங்கரை, கோவளம் பக்கம் 20 மீட்டர் ஆழமுள்ள கடல்ல கூண்டு போட்டு மீன் வளர்க்கறதுக்குப் புயல் இனி ஒரு தடையே இல்ல. மூழ்கும் கூண்டு இருக்கு. 6 மீட்டர் விட்டத்துல மிதவை வளையம், 250 மி.மீ. எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் ரெண்டு வரிசை. வால்வைத் திறந்தா ஏறக்குறைய ஒன்றரை டன் தண்ணி உள்ளே போகும், கூண்டு இறங்கிடும். அப்புறம் கம்ப்ரசர்ல காத்தடிச்சா மேல வரும். நாளைக்கு இதையே கரையிலிருந்து போன்ல செய்யலாம். வர்தா (2016), மிக்ஜாம் (2023) மாதிரி புயல் வந்தாலும் கவலையில்ல.

கொடுவாக்கறி:
கணக்கு உதைக்குது சார். 10 விநாடிக்கு ஒண்ணா வர்ற அலைக்கு அந்த ஆழத்துல அலைநீளம் சுமார் 120 மீட்டர். அலை அவ்ளோ நீளம்னா அசைவும் ஆழமா இறங்கும். கூண்டை 10 மீட்டர் இறக்கினாலும், மேல இருக்கிற பக்கவாட்டு நீரோட்ட வேகத்துல 70 சதவீதம் அங்கேயும் இருக்கும். தரையை ஒட்டியே 60க்கு மேல. போதாக்குறைக்குக் கிளம்பற சேறு செவுளை அடைக்கும். 50 மீட்டர் ஆழமுள்ள கடலுக்குப் போய் 25 மீட்டர் இறக்கினா 40 சதவீதம் ஆகும்தான். தினமும் அவ்ளோ தூரம் தீவனம் கொண்டுபோக டீசல் யார் போடறது?

பாசிமணி:
இழுவிசை வேகத்தோட இருமடிப்படி மாறும். 0.7 × 0.7 = 0.49. பாதி பாரம் இறங்கிடுச்சே! வளையத்தை முறிக்கறது உடைஞ்சு விழற அலை, அது மேல்மட்டத்துல மட்டும்தான்.

வலைக்கயிறு:
ரெண்டு பேரும் வால்வை விட்டுட்டீங்க. காத்து வெளியேற வேண்டிய துளையில கொட்டலசு (பாறை, படகுல ஒட்டி வளர்ற ஓட்டு உயிரி) ஒட்டி அடைச்சிடும். ஒரு பக்கம் மட்டும் தண்ணி ஏறி வளையம் சாயும், வலைப்பை சுருங்கும், மீனெல்லாம் ஒரு மூலையில நெரிஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். குழாயை நாலு அறையா தடுத்து ஒவ்வொண்ணுக்கும் தனி வால்வு வைக்கணும், வாரம் ஒருமுறை சுரண்டணும். போன்ல சுரண்ட முடியாது.

தூக்கறப்பவும் நிதானம் வேணும். 10 மீட்டர்ல தண்ணியோட அழுத்தமே 1 பார், காத்து அதைத் தாண்டணும். மேல வர வர அந்தக் காத்து விரிஞ்சு கூண்டு வேகமெடுக்கும். கொடுவா மீனுக்கு மிதக்க உதவற காத்துப்பை மூடின பை, காத்து சட்டுனு வெளியேறாது. சட்டுனு தூக்கினா ஊதிடும், மீன் மல்லாந்துடும். கடல் விராலுக்கு (கோபியா) அந்தப் பையே கிடையாது, இதுக்குத் தோதான மீன் அதுதான்.

கொடுவாக்கறி:
சரி, கடல் விராலையே வளருங்க. 6, 7 மாசத்துல ரெண்டரை, மூணு கிலோ வரும். மார்ச்ல குஞ்சு விட்டா வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி பிடிச்சிடலாம். அப்புறம் எதுக்கு முக்கணும்? சாதா கூண்டே போதும்.

பாசிமணி:
மே மாசத்தை மறந்துட்டீங்களே. 2010ல லைலா புயல் நமக்குக் கிழக்கால கடல்ல போய்த்தான் ஆந்திராவுல பாபட்லாகிட்ட கரையேறுச்சு, தேதி மே 20. மார்ச்ல விட்ட விரால் அப்போ கூண்டுலதான் இருக்கும், விக்கிற அளவுக்கும் வந்திருக்காது.