டிபிஎஃப் விளக்கு எரிந்த கதை: ராமேசுவரம், தொண்டி பக்கம் யாருக்கெல்லாம்?

தீவு டாக்ஸி:
பிஎஸ்6 (புது மாசு விதிப்படி வந்த) டீசல், டூரிஸ்ட் வண்டி. டிபிஎஃப், அதாவது புகையில் வருகிற கரியைப் பிடிக்கிற பில்டர், அடைத்துக்கொண்டால் எரிகிற ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அரிச்சல்முனையில் நிறுத்திச் சாவியை அணைத்தேன். ஃபேன் மட்டும் நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தது. அடியிலிருந்து அனல், ஏதோ தீய்ந்த வாடை. சங்குமாலை விற்கிற அக்கா, "தம்பி, வண்டி எரியுதுப்பா, ஆளை எறக்கு!" என்று கத்தவும், சேலத்திலிருந்து வந்த குடும்பம் செருப்பைக்கூட மாட்டாமல் கொதிக்கிற மணலில் ஓடியது. எரிந்தது வண்டி இல்லை, பில்டருக்குள் சேர்ந்திருந்த கரி. அவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? திரும்பும்போது பாம்பன் பாலத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சர்வீஸில் ஸ்கேனர் மாட்டிக் கரியை எரித்தார்கள். ஆயில் குச்சியை எடுத்துக் காட்டினார்கள்: மேல்கோட்டைத் தாண்டி ஆயில், முகர்ந்தால் டீசல் வாடை. ஆயிலும் மாற்றியாயிற்று. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்த வண்டி பன்னிரண்டுதான் கொடுக்கிறது.

தொண்டி ஐஸ்பெட்டி:
எனக்கு வேறு மாதிரி. மீன் லோடு பிக்கப். பில்டரே போய்விட்டது, மாற்ற லட்சத்துக்கு மேல் ஆகும் என்று சர்வீஸில் சொல்லிவிட்டார்கள். நம்ம ஊர் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, விரலால் ஒரு ரப்பர் குழாயை மடக்கிக் காட்டினார். பில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கிற சென்சாருக்குப் போகிற குழாய். மடக்கின இடத்தில் வாய் பிளந்தது. ஐஸ் உருகி மீன் தண்ணீர் வழிந்து வழிந்து கிளாம்பு எல்லாம் உப்பாய்ப் பூத்துக் கிடந்தது. குழாய் மாற்றியதும் விளக்கு போனது. முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை! லட்சம் சொன்னவர் முகத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. விசைப்படகு இன்ஜினுக்கு இந்தத் தொல்லை ஏதாவது உண்டா சொல்லுங்கள்.

கீழக்கரை மாப்ளே:
டாக்ஸி அண்ணே, ப்ளூ ஊற்றாமல் ஓட்டியிருப்பீர்கள். அதான். எங்க மச்சான் பில்டரைக் கழற்றி வீசிவிட்டு வண்டிக் கம்ப்யூட்டரில் புரோகிராம் மாற்றிவிட்டார். வண்டி பறக்குது.

உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்:
மாப்ளே, இரண்டையும் குழப்பாதீர்கள். ப்ளூ என்பது யூரியாக் கரைசல், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க. கரி பிடிக்கிறது டிபிஎஃப். ப்ளூ டேங்கே இல்லாத வண்டியிலும் டிபிஎஃப் இருக்கும். டாக்ஸி அண்ணன் வண்டியில் ப்ளூ இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லையே.

என்னிடம் வருகிற வண்டி பாதிக்குமேல் ராமேசுவரத்து லோக்கல் ஓட்டம். கோயில், அக்னி தீர்த்தம், ராமர் பாதம், பேக்கரும்பு. எல்லாம் கூப்பிடு தூரம். இடையில் ஏசியைப் போட்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். புகைபோக்கி சூடே ஆகாது. கரி எரிய 600 டிகிரி பக்கம் வேண்டும். சூடு போதாவிட்டால் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலை அடித்துச் சூடேற்றப் பார்க்கும். அந்த நேரம் பார்த்துச் சாவியை அணைத்தால் கரி அப்படியே நிற்கும், டீசல் ஆயிலில் இறங்கும். மைலேஜ் குறைவது, ஆயில் கூடுவது இரண்டுக்கும் அதுதான் காரணம். விளக்கு எரிந்தால் ராமநாதபுரம் சாலையில் ஏற்றி, ஒரு கியர் குறைத்து, அறுபதில் இருபது நிமிஷம் விடுங்கள். முதல் விளக்கில் செய்தால் செலவே இல்லை. சிவப்பு வந்த பிறகு ஓட்டிப் பிரயோசனமில்லை.

ஆயிலும் சாதாரண ஆயில் வேண்டாம், கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற சாம்பல் குறைவான ரகம் ஊற்றுங்கள். கரி எரியும், ஆயில் விடுகிற சாம்பல் எரியாது. அது சேர்ந்து சேர்ந்துதான் கடைசியில் பில்டரையே கழற்றிக் கழுவ வேண்டிவரும். கழற்றி வீசுவது சட்டவிரோதம். மஞ்சள் போர்டு என்றால் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது உங்கள் மச்சானிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவு டாக்ஸி:
எல்லாம் சரி அண்ணே. தீவுக்குள் அறுபதில் இருபது நிமிஷம் எங்கே ஓட்டுவது? பாலம் தாண்டி உச்சிப்புளி வரை காலி வண்டி அடித்தால் போக வர டீசல் யார் தருவது? ரூம்காரர் கொடுக்கிற லோக்கல் டிரிப் காசில் ஒரு டீதான் மிஞ்சுகிறது. ப்ளூ விஷயத்தில் சொன்னது உண்மை, என் வண்டியில் அது கிடையாது.

தேவிபட்டினம் டிராவல்ஸ்:
ஐஸ்பெட்டி அண்ணே, அந்தக் குழாய் எங்கே வாங்கினீர்கள்? எனக்கும் ஸ்கேனரில் அந்த சென்சார் எரர் கோடுதான் காட்டுகிறது.

தொண்டி ஐஸ்பெட்டி:
ராமநாதபுரத்தில் ஸ்பேர் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். சூடு தாங்குகிற சிலிக்கான் குழாய் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் டீசல் லைன் குழாயைத் தலையில் கட்டிவிடுவார்கள். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், உள்வாய் அளவு முக்கியம்.