ஜாம்பி படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

கறார்பேர்வழி:
ஒரு சந்தேகம், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். உலகம் அழிந்து ஜாம்பிகள் (செத்தும் எழுந்து நடக்கும் பிணங்கள், அவை கடித்தால் கடிபட்டவரும் ஜாம்பிதான்) தெருத்தெருவாக அலையும் படங்களை எப்படி இத்தனை பேர் சலிக்காமல் பார்க்கிறீர்கள்? கதை எப்போதும் ஒன்றுதான். ஒரு நோய் பரவும், ஒரே வாரத்தில் அரசாங்கம் காணாமல் போகும், ஏழெட்டுப் பேர் ஒரு கட்டடத்துக்குள் மாட்டிக்கொள்வார்கள், அதில் ஒருவன் கடிபட்டதைச் சட்டைக்குள் மறைப்பான், கதவு உடையும், மிச்சமிருக்கும் இரண்டு பேர் வண்டி ஏறிப் போவார்கள், முடிந்தது. பேய்ப்படத்திலாவது பேய்க்கு ஒரு பழைய பகை இருக்கும். இங்கே வில்லனுக்கு மூளையே கிடையாது. எனக்குத் தெரிந்து இந்தப் படங்களின் ஈர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: மனித உருவத்தைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் சுட்டுத் தள்ளலாம். பார்க்க ஆள் மாதிரி இருக்கும், ஆனால் ஆள் இல்லை என்று படம் முதலிலேயே சான்றிதழ் கொடுத்துவிடும். அதை ரசித்துவிட்டு, பயந்து பார்த்தோம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

நடுச்சாமம்:
வில்லனுக்கு மூளை இல்லாததால்தான், பாஸ், படமே எடுபடுகிறது. கொலைகாரனிடம் கெஞ்சலாம், பேயிடம் காரணம் கேட்கலாம், ஜாம்பியிடம் பேச ஒன்றுமே இல்லை. அதனால் மொத்தக் கதையும் கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் மேல் வந்து விழுகிறது.

அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ 1968-ல் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' பார்த்திருக்கிறீர்களா? (இனிமேல் முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள், ஆனால் படம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.) ஒரு பண்ணை வீடு. உள்ளே இரண்டு ஆண்களுக்குள் சண்டை. நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளலாம் என்கிறான் ஹாரி. அவன் சிடுமூஞ்சி, கோழை, நமக்கு அவனைப் பார்த்தாலே எரிச்சல் வரும். கீழே போனால் தப்பிக்க வழியில்லை, மேலேயே பலகை அடித்துத் தாக்குப்பிடிக்கலாம் என்கிறான் பென். நாம் பென் பக்கம். கடைசியில் எல்லோரும் செத்து, பென் மட்டும் உயிர் பிழைப்பது எங்கே தெரியுமா? அதே நிலவறைக்குள். விடிந்ததும் வெளியே ஆள் சத்தம் கேட்டு மேலே வருகிறான். துப்பாக்கியோடு வந்த மீட்புக் கும்பல் அவனையும் ஜாம்பி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அதன் பிறகு ஓடும் எழுத்துகளுக்குப் பின்னால், இறைச்சிக் கொக்கியோடு ஆட்கள் நின்று அவன் உடலை எரிக்கத் தூக்கிப்போகும் புகைப்படங்கள் வரும். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டில் வந்த படம் அது.

குற்ற உணர்ச்சி இல்லாமல் சுடலாம் என்கிறீர்களே, அப்படிச் சுட்டுப் பழகினால் யாரைச் சுடுவோம் என்று இன்றைய ஜாம்பி படங்களுக்கு வழிபோட்ட படமே கேட்டுவிட்டது.

சும்மாவந்தவன்:
முடிவைச் சொல்லிவிட்டீர்களே தல. இன்று இரவு பார்க்கலாம் என்று இருந்தேன்.

கறார்பேர்வழி:
நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு படத்தைக் காட்டி அதற்குப் பிறகு வந்த குப்பைக்கெல்லாம் வக்காலத்து வாங்குகிறீர்கள். ரொமேரோ கேட்ட கேள்வியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, தலையில் சுட்டால்தான் சாகும் என்கிற விதியை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இன்று யார் எத்தனை விதமான ஆயுதத்தால் எத்தனை தலையைச் சிதறடிக்கிறார்கள் என்பதற்குத்தான் தியேட்டரில் விசில்.

ஓரசீட்டு:
நான் கொஞ்சம் வேறு மாதிரி. எனக்கு ஜாம்பியே முக்கியம் இல்லை, ஜாம்பி வருவதற்கு முன்னால் வரும் அந்த வெற்று ஊர்தான் வேண்டும். '28 டேஸ் லேட்டர்' (2002) படத்தில் ஒருத்தன் ஆஸ்பத்திரியில் கண் விழித்து, அந்த ஆஸ்பத்திரி உடையிலேயே லண்டனில் நடந்து போவான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் ஆளே இல்லை. தரையில் பொம்மை நினைவுப்பரிசுகள் சிதறிக் கிடக்கும், குனிந்து பொறுக்குவான். அதைக் கணினியில் செய்யவில்லை, விடியற்காலையில் போக்குவரத்தைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். பெரிய ஃபிலிம் கேமராவை வைத்து அத்தனை வேகமாக வேலை செய்ய முடியாது என்பதால் வீட்டு விசேஷத்துக்கு எடுக்கிற மாதிரியான சின்ன டிஜிட்டல் வீடியோ கேமராக்களை வைத்தே படத்தின் பெரும்பகுதியை முடித்தார்கள், அதனால்தான் அந்தப் பிம்பம் கொஞ்சம் மங்கலாக, செய்தியில் பார்ப்பது போலவே இருக்கும்.

அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்குப் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம் வருகிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தவணை இல்லை, மேலதிகாரி இல்லை, பதில் போடாத நூறு மின்னஞ்சல் இல்லை, எதிர்காலத் திட்டம் என்ற ஒன்றே இல்லை. தண்ணீர் எங்கே, கதவு பூட்டியிருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள், இவ்வளவுதான் கவலை. உலகம் அழிகிற படத்தை இத்தனை பேர் பார்ப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் துணிபு. யாருக்கும் யாரையும் சுட வேண்டாம், லீவு வேண்டும்.

கறார்பேர்வழி:
அது இன்னும் மோசம். எட்டு பேரில் ஏழு பேர் சாகிற கதையைப் பார்த்துவிட்டு அந்த எட்டாவது ஆள் நான்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வது! உண்மையில் நாம் எல்லோரும் வெளியே கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தில்தான் இருப்போம். அந்தக் கூட்டத்தைத்தான் நீங்கள் லீவுக்கு இடைஞ்சல் என்று பார்க்கிறீர்கள்.

சும்மாவந்தவன்:
நான் அந்தக் கூட்டத்திலும் முன்வரிசை. தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது பின்னால் ஒருத்தன் கடிபடுவான் இல்லையா, அது நான்தான்.

நிலாமுற்றம்:
ஓரசீட்டு சொல்லும் அந்த லீவுக் கனவை ரொமேரோவே 1978-ல் கிண்டல் செய்துவிட்டார். 'டான் ஆஃப் த டெட்' படத்தில் நாலு பேர் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் புகுந்து கதவுகளை அடைத்துவிடுவார்கள். எல்லாக் கடையும் இலவசம். நல்ல கோட்டு, நல்ல கடிகாரம், விளையாட்டு இயந்திரங்கள். அங்கே ஒரு வங்கி இருக்கும், அதில் இருந்து கட்டுக் கட்டாகப் பணத்தை எடுத்துக்கொள்வார்கள்! உலகத்தில் பணத்துக்கு மதிப்பே இல்லை, யாருக்குக் கொடுப்பது என்றும் தெரியாது, ஆனாலும் எடுப்பார்கள். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் சலித்துப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே ஜாம்பிகளும் அதே வளாகத்தைத்தான் சுற்றுகின்றன, பழைய பழக்கம். எது உள்ளே இருக்கிறது எது வெளியே இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் நமக்கே குழம்பும்.

ஆனால் கறார்பேர்வழியின் முதல் குற்றச்சாட்டை நான் ஒரு பாதி ஏற்றுக்கொள்கிறேன். ஜாம்பி கரீபியன் நாடான ஹெய்ட்டியில் இருந்து வந்த நம்பிக்கை. அங்கே பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளைச் சாகும்வரை வேலை வாங்கினார்கள், அவர்கள் போராடி அடிமைத்தளையை உடைத்து, 1804-ல் தனி நாடானார்கள். அந்த மண்ணில் ஜாம்பி யாரையும் கடிக்கிற மிருகம் கிடையாது. செத்த பிறகும் விடாமல் எழுப்பி வேலை வாங்கப்படுகிற ஆள். அங்கே ஜாம்பி வந்துவிடுமோ என்று யாரும் பயப்படவில்லை, நாம் ஜாம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள். சாவாவது விடுதலை தரும் என்று இருந்தவனுக்கு அந்தக் கதவையும் சாத்தினால் எப்படி இருக்கும்? 1932-ல் வந்த 'ஒயிட் ஜாம்பி'யில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி உண்டு. ஜாம்பிகள் வரிசையாகக் கரும்புக் கூடை சுமந்து வருவார்கள், ஒருவன் தடுமாறி அரவை இயந்திரத்துக்குள் விழுந்துவிடுவான், மற்றவர்கள் தலை திருப்பாமல் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். இசைகூடக் கிடையாது, இயந்திரம் முனகும் சத்தம் மட்டும். ரத்தம் காட்டாத அந்தக் காட்சிக்கு முன்னால் இன்றைய தலைச் சிதறல் எல்லாம் ஒன்றுமே இல்லை.

ஆக, பாதிக்கப்பட்டவனாகத் தொடங்கியவனை நாம் பூச்சி மாதிரி ஆக்கிவிட்டோம். அந்த இழப்பு எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் கடிபட்டவன் முழுதாக மாறுவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக இன்னும் பார்க்கிறேன். நான் யார் என்று தெரிந்திருக்கும்போதே அது கழன்று போவதைப் பார்க்கிற நிமிடங்கள் அவை. வீட்டில் ஞாபகமறதி நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது வெறும் திகில் காட்சியாகத் தெரியாது.

கறார்பேர்வழி:
நிலாமுற்றம் சொன்னதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் என் பெரிய கோபத்தை இன்னும் சொல்லவில்லை. இந்தப் படங்கள் மனிதர்களைப் பற்றிப் பொய் சொல்கின்றன. மின்சாரம் போய் மூன்றாவது நாளே பக்கத்து வீட்டுக்காரன் ஜாம்பியைவிடக் கொடியவனாகிவிடுவான் என்பதுதான் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் அடிநாதம். பேரிடர்களை ஆராய்வதற்கென்றே ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1963-ல் ஒரு மையம் தொடங்கினார்கள், என்ரிகோ குவாரண்டெல்லி அதன் நிறுவனர்களில் ஒருவர். நிலநடுக்கம், வெள்ளம், சூறாவளி என்று பல பத்தாண்டுகள் பார்த்து அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது: மக்கள் கண்மூடித்தனமாகப் பதறி ஓடுவது அரிது, இடிபாட்டில் இருந்து முதலில் ஆட்களை வெளியே எடுப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர்தான்.

கூட்டம் என்றாலே மிருகம் என்கிற கற்பனை சும்மா திரையோடு நிற்பதில்லை. 2005-ல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது விளையாட்டு அரங்கில் தஞ்சம் புகுந்த மக்கள் ஒருவரையொருவர் கொலை செய்கிறார்கள் என்று செய்திகள் பறந்தன. பின்னால் விசாரித்தால் பெரும்பாலும் வதந்தி. ஆனால் சூறாவளி கரையைக் கடந்த ஆறாவது நாள் டான்சிகர் பாலத்தில் கையில் ஆயுதமே இல்லாதவர்கள் மேல் போலீசார் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள், நாலு பேர் காயம்பட்டார்கள். அவர்கள் ஜாம்பிகள் அல்ல, வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்கள்.

நடுச்சாமம்:
டான்சிகர் பாலத்தைச் சொல்கிறீர்கள், அது எனக்கு 1968 படத்தின் கடைசிக் காட்சியாகவே கேட்கிறது. அதாவது நீங்கள் எதைப் பற்றி எச்சரிக்கிறீர்களோ அதைத்தான் நல்ல ஜாம்பி படம் எச்சரிக்கிறது.

மக்கள் கெட்டவர்கள் என்று எல்லாப் படமும் சொல்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'ட்ரெயின் டு பூசான்' (2016) பாருங்கள். ரயிலில் சில பேர் தங்கள் ஆட்களை மீட்டுக்கொண்டு, ஜாம்பிகள் நிறைந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, பாதுகாப்பான பெட்டிக்கு வந்து சேருவார்கள். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் ஒன்றும் ராட்சசர்கள் இல்லை. ஒரு கோட்டு சூட்டுக்காரன் இவர்களுக்கும் நோய் தொற்றியிருக்கும் என்று கத்துவான், மற்றவர்கள் பயத்தில் அவன் பின்னால் சேர்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான். கண்ணாடியை உடைத்து எப்படியோ உள்ளே வந்த பிறகும் அவர்களை அடுத்த வாசல் பகுதிக்குத் துரத்திவிட்டுக் கதவைக் கட்டிவிடுவார்கள். துரத்தியவர்கள் இருக்கும் பெட்டியிலேயே ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். மறுபக்கக் கண்ணாடியில் ஜாம்பியாகிவிட்ட தன் சகோதரியைப் பார்ப்பாள், தங்களைக் காப்பாற்றிக்கொண்ட இந்தக் கூட்டத்தையும் பார்ப்பாள், எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுவாள்.

உங்கள் குவாரண்டெல்லி சொல்வதற்கு இந்தப் படம் எதிரியே இல்லை. உதவி செய்தவர்கள் இருக்கிறார்கள், தடுத்தவர்களும் இருக்கிறார்கள், தடுத்தவர்களைத் தூண்டியவன் ஒருத்தன் இருக்கிறான். அவனை அடையாளம் காட்டுவதுதான் கதை.

ஓரசீட்டு:
இதற்கு ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது என்கிறார்கள். கோவிட் சமயத்தில் கோல்டன் ஸ்க்ரிவ்னர் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் சுமார் 310 பேரிடம் கேட்டார்கள், 2021-ல் ஓர் ஆய்விதழில் வெளியானது. திகில் பட ரசிகர்களுக்கு மன உளைச்சல் குறைவாக இருந்ததாம், ஜாம்பி, உலக அழிவு, வேற்றுக்கிரகவாசிப் படையெடுப்பு மாதிரிப் படங்களை ரசிப்பவர்கள் கூடுதலாக, தாங்கள் ஓரளவு தயாராகவும் இருந்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2011-ல் ஜாம்பி வந்தால் என்ன எடுத்துவைப்பது என்று ஒரு பதிவு போட்டது, கூட்டம் தாங்காமல் அந்தப் பக்கமே முடங்கிப்போனது. தண்ணீர், மருந்து, டார்ச், குடும்பம் எங்கே கூடுவது என்று புயலுக்குச் சொல்கிற அதே பட்டியல்தான். புயலுக்கென்று சொன்னால் ஒருவரும் படிப்பதில்லை.

கறார்பேர்வழி:
அந்த ஆய்வு அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னதை வைத்துத்தானே? இயல்பிலேயே பதறாத ஆட்கள்தான் இந்தப் படங்களைப் பார்க்கிறார்கள் என்றும் அதே எண்களை வைத்துச் சொல்லலாம். படம் பார்த்ததால் தைரியம் வந்தது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. பதிவு விஷயம் சரி, நல்ல விளம்பரம்.

நடுச்சாமம் சொன்ன ரயில் படத்தைப் பார்க்கிறேன். ஆனால் என் கணக்கு மாறவில்லை. நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து இதுவரை சொன்னது ஐந்து படம். வந்தது எத்தனை நூறு?

நடுச்சாமம்:
காதல் படம் மட்டும் எத்தனை ஆயிரம் வந்திருக்கிறது, எத்தனை தேறும்?

சும்மாவந்தவன்:
எல்லாம் சரி, முக்கியமான கேள்விக்கு யாரும் வரவில்லை. நடக்கும் ஜாம்பியா, ஓடும் ஜாம்பியா?

நடுச்சாமம்:
நடக்கும் ஜாம்பி. இதில் பேச்சே இல்லை. மெதுவாக வந்தால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், சண்டை போட நேரம் கிடைக்கும், தப்பான முடிவு எடுக்க நேரம் கிடைக்கும். ஓடினால் அது வெறும் துரத்தல். ('28 டேஸ் லேட்டர்' ஆட்கள் செத்தவர்களே இல்லை, கிருமி பிடித்த உயிருள்ளவர்கள், பட்டினி கிடந்தால் சாவார்கள். அதனால் அந்தப் படத்துக்கு மட்டும் விலக்கு.)

நிலாமுற்றம்:
நீங்களே புகழ்ந்த ரயில் படத்தில் ஓடத்தானே ஓடுகின்றன?

நடுச்சாமம்:
அங்கே கதவு இருக்கிறது, இருட்டினால் அவற்றுக்குக் கண் தெரியாது. அந்த இடைவெளிகளில்தான் மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் சொல்வது அந்த இடைவெளியைத்தான்.

கறார்பேர்வழி:
அப்படியானால் ஜாம்பியே வராமல் பேசிக்கொண்டு மட்டும் இருக்கும் படமாக எடுத்துவிடலாமே.

ஓரசீட்டு:
எடுக்கச் சொல்லுங்கள், முதல் டிக்கெட் எனக்கு.