ஆன வெல குதிர வெலன்னா எவ்ளோ வெல?

ஓசூர்வாசி:
ஃப்ரெண்ட்ஸ் ஒரு டவுட். எங்கம்மா எந்தக் கடைக்குப் போனாலும் "ஆன வெல குதிர வெல சொல்றான்"னு தான் திரும்பி வருவாங்க, இப்ப என் பொண்ணு ஏன் ஒட்டக வெல சொல்ல மாட்டாங்களான்னு கேக்குறா. அநியாய வெல, கொள்ளை வெல எல்லாம் இதே அர்த்தம் தானா?

வைகைக்கரை:
ஒண்ணு இல்லங்க. ஆன வெல எப்பவும் கடைக்காரன் "சொல்றது", நாம கேட்டுட்டு நடையக் கட்டிருவோம். மதுரைல பொங்கல் சமயம் பனில மல்லி வரத்து கொறஞ்சு கிலோ 3,000 தாண்டிரும், பண்டிகைக்குப் பூ இல்லாம முடியாதேன்னு வாங்கிட்டு வயிறெரிஞ்சு சொல்றோம் பாருங்க, அது அநியாய வெல. கொள்ளை வெலன்னு சொல்றப்ப மட்டும் பாத்து சொல்லணும், ஏன்னா "கொள்ளை மலிவு"ன்னும் நாமளே தான் சொல்றோம் 😄

பழங்கணக்கு:
பாப்பா கேட்டது சரியான கேள்வி. நம்ம ராஜாக்கள் ஒட்டகப்படைக்கு செலவழிக்கல, குதிரைக்குத் தான் கொட்டுனாங்க. வசாஃப்னு ஒரு பாரசீக வரலாற்றாசிரியர், 14ம் நூற்றாண்டு ஆளு, எழுதிருக்காரு, பாண்டிய நாட்டுக்கு வருசத்துக்கு 1,400 குதிரை கப்பல்ல வரணும், ஒண்ணுக்கு 220 தீனார், வர்ற வழியில செத்தாலும் காசு உண்டு. உயிரோட வந்து சேந்த குதிரையும் பராமரிக்கத் தெரியாம நெறைய செத்துச்சுன்னு மார்க்கோ போலோ வேற பொலம்பிருக்காரு. மாணிக்கவாசகர் கதையே குதிர வாங்கப் போன கதை தானே. சொலவடை இதுலேருந்து தான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா வெலய நெனச்சுப் பாருங்க!

வடமராட்சி:
நாங்கள் யாழ்ப்பாணத்தில "அறாவிலை" எண்டு சொல்லுறனாங்கள். "இண்டைக்கு மீன் அறாவிலை", அப்பிடி. ஆனா வைகைக்கரை சொன்ன மாதிரி சொல்லுற விலைக்கு மட்டுமில்லை, "அறாவிலைக்கு விக்கிறாங்கள்" எண்டும் வரும். 2022ல டொலர் தட்டுப்பாட்டில பால்மா, காஸ் எல்லாம் ஏறேக்க வீட்டுக்கு வீடு இந்தச் சொல்லுத்தான். உங்கட பக்கம் பாவிக்கிறேல்லையோ?

வைகைக்கரை:
இல்லண்ணே, இங்க கேட்டதே இல்ல. என் பாலக்காட்டு ரூம்மேட் "தீ வெல"ம்பான். ஆட்டோக்காரர் வாயத் தொறந்தாலே தீ வெல தான் அவனுக்கு.