வீட்டுக்குத் தெரியாமல் சிலந்தி வளர்த்தவர்கள், பார்த்தவர்கள், மாட்டிக்கொண்டவர்கள்: உங்கள் அனுபவம்

உச்சிப்புளி மாப்ள:

புளியமரத்துச் சிலந்தி எது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காலை விரித்தால் உள்ளங்கையை மறைக்குமே, முன்னங்கால் அடியில் மஞ்சள் அடிக்குமே, அதேதான். ரோட்டை அகலப்படுத்த மரத்தை வெட்டியபோது பொந்திலிருந்து வந்ததை நானும் சித்தப்பா மகனும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அப்போது நான் பிளஸ் ஒன், அவன் ஒன்பதாவது. முறுக்கு டப்பா, காம்பஸ் முனையைச் சூடாக்கிப் போட்ட ஓட்டை, உள்ளே நிமிர்த்தி வைத்த ஒரு பட்டை, சோடா மூடியில் தண்ணீர். வலைக் கொட்டகையின் பரண்மேல் ஒளித்து வைத்தோம். அப்பா கடலுக்குப் போய்விட்டால் ராத்திரி எங்கள் ராஜ்யம்தான்.

கொஞ்ச நாளாகப் பாச்சை போட்டால் தொடவில்லை. ஒரு ராத்திரி பார்த்தால் மல்லாந்து கிடக்கிறது. தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். கொட்டாங்குச்சியில் போட்டுப் புதைத்துவிடலாம் என்று கையை உள்ளே விட்டான், நான் தட்டிவிட்டேன். எதற்குத் தட்டினேன் என்று கேட்டால் பதில் கிடையாது. அப்போது ஒரு கால் மட்டும் மெல்ல நீண்டது. கைக்குட்டை சுற்றிய டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவி எடுத்தது. பல் இரண்டும் பால்வெள்ளை. அந்த நிறம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதற்கப்புறம் அது வேறு ஆள் மாதிரி ஆகிவிட்டது. உடம்பு ஒல்லி, கால் நீளம், தீனியே வேண்டாம், ராத்திரி முழுக்க டப்பாவுக்குள் நடை. ஒருநாள் மூடி விலகியிருந்தது, ஆளைக் காணோம். நாங்கள் அதை வதைத்துவிட்டோமா என்பதுதான் உறுத்துகிறது.

கீழக்கரை ராத்தா:

என் தம்பி வளர்த்தது நம்மூர்ச் சிலந்தி இல்லை. மெக்சிகோவாம், முட்டியில் ஆரஞ்சு சிவப்பு. யாரிடமோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறான், வாப்பா கத்தாரில் இருக்கிற தைரியம். உம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினால் இவன் வாசலை மறித்துக்கொண்டு நிற்பான். புகை பட்டால் தும்மல் வருகிறதாம்! நாங்களும் நம்பினோம்.

ஒருநாள் ஒரு கண் சிவந்து வீங்கி வந்து நின்றான். மெட்ராஸ் ஐ என்றான். உம்மா கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். சொட்டு மருந்து போட்டும் அடங்கவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள்?” என்று கேட்டார். “ஒன்றும் இல்லை டாக்டர்” என்றேன். தம்பி என்னைப் பார்க்கவே இல்லை, சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே படிக்கிற மாதிரி நின்றான். அப்புறம்தான் வாயைத் திறந்தான். அந்தச் சிலந்தி பயந்தால் வயிற்று மயிரைப் பின்னங்காலால் உதறிவிடுமாம், அது கண்ணில் குத்தி நின்றிருக்கிறது. குணமாக மாதக்கணக்கானது. உம்மாவுக்கு இன்றுவரை அது மெட்ராஸ் ஐதான்.

தீவுக்காரன்:

மாப்ள, முதலில் உங்களுக்கு. மரம் வெட்டினார்கள் சரி, பக்கத்துப் புளியில் அன்று சாயங்காலமே விட்டிருக்கலாமே? அது ஏதோ ஒரு பூச்சி இல்லை. 2004இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள், ராமேஸ்வரத்து அனுமவிலாசம் கோயில் தோப்பை வைத்து: பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. நம் பக்கமும் கடலுக்கு அந்தப்பக்கம் மன்னாரிலும்தான் பார்த்திருக்கிறார்கள். மிக அருகிவிட்ட இனம் என்று ஐயுசிஎன் என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இருக்கிறது. இதை டப்பாவில் போட்டுவிட்டு ராஜ்யம் என்கிறீர்கள்.

என் அனுபவம் சின்னது. தங்கச்சிமடம் பக்கம் கரண்ட் போன ராத்திரி, மரத்தில் டார்ச் அடித்தேன், பொந்தின் வாயில் உட்கார்ந்திருந்தது. கண் சிமிட்டுவதற்குள் உள்ளே. அவ்வளவு வேகம்.

ராத்தாவின் தம்பிக்கும், இதைப் படிக்கிற பையன்களுக்கும் சில விஷயம். நம்மூர்ச் சிலந்தி மரத்தில் வாழ்வது. மெக்சிகோ சிவப்பு முட்டி தரையில் வாழ்வது. ஒன்றின் டப்பா மற்றதற்கு ஆகாது. தரைச் சிலந்திக்கு உயரமான டப்பாவே கூடாது, சுவரில் ஏறி விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகும். அடியில் தேங்காய் நார்த்தூளை ஆழமாகப் போடுங்கள், நம்மூரில் அதற்கா பஞ்சம். சின்னத் தட்டில் எப்போதும் தண்ணீர். கொசுவர்த்தி, கொசு மெஷின், சாம்பிராணி எதுவும் அந்த அறையில் வேண்டாம், தம்பி அந்த விஷயத்தில் சரி. வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள், எங்காவது மருந்தில் நடந்து வந்திருக்கும். மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள், அது தோல் உரிக்கிறது. சாகும்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் சுருண்டுவிடும், பார்த்தாலே தெரியும். உரிக்கும்போது உள்ளே உயிரோடு பாச்சை இருந்தால் அதுவே சிலந்தியைக் கடித்துவிடும், எடுத்துவிடுங்கள். உரித்தபின் பல் கறுத்து இறுகும்வரை தீனி வேண்டாம். கையில் ஏற்றி போட்டோ எடுக்கிற வேலையே வேண்டாம். டப்பாவுக்குள் எதைச் செய்தாலும் நீளமான இடுக்கி, செய்து முடித்ததும் கை கழுவுதல், கண்ணைக் கசக்காமல் இருத்தல். மூடிக்குக் கொக்கி.

வாங்குவதும் விளையாட்டில்லை. 2021இல் போலந்திலிருந்து சென்னைக்கு ஒரு பார்சல் வந்தது, உள்ளே சின்னச் சின்னக் குப்பிகளில் 107 சிலந்திகள், முகவரி நம்ம அருப்புக்கோட்டை. சுங்கத்துறை பிடித்துத் திருப்பி அனுப்பியது.

தொண்டி வலை:

தீவு அண்ணே, கதை நாலு வரி, பாடம் நாற்பது வரி. பையன்கள் ஆசையாக வளர்த்த கதையைச் சொன்னால் அதட்டுகிறீர்கள். வெட்டின மரத்தோடு லாரியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால் கடி விஷயத்தை நீங்களும் சொல்லவில்லையே. எங்கள் மாமா புளி உலுக்கும்போது பொந்தில் கையை வைத்துவிட்டார். கை வீங்கியது, சரி, அது பரவாயில்லை. வலி அடங்கிவிட்டது என்று வலை இழுக்கப் போனவருக்கு அடுத்த நாள் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது, படகிலேயே விழுந்தார். அப்புறம் தொடை, முதுகு என்று பல நாள். ஊரில் நட்டுவாக்காலி கடி என்று மந்திரித்துக்கொண்டிருந்தார்கள், அத்தைதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். இதனால் ஆள் செத்ததாகப் பதிவு இல்லை என்கிறார்கள். மாமாவிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

தீவுக்காரன்:

சரி தம்பி, கோபம் வேண்டாம். மாப்ள கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டேன். உங்கள் சிலந்தி ஆண். கடைசித் தோல் உரித்ததும் ஆண் அப்படித்தான், ஒல்லியாகும், சாப்பாட்டைக் குறைத்துவிட்டுப் பெண்ணைத் தேடி அலையும், அதிக நாள் இருக்காது. நீங்கள் ஒன்றும் வதைக்கவில்லை. முகத்துப் பக்கம் இருக்கிற குட்டைக் கால் இரண்டின் நுனியும் உருண்டு தடித்திருந்ததா?

உச்சிப்புளி மாப்ள:

இருந்தது அண்ணே! குத்துச்சண்டைக் கையுறை என்று தம்பி சிரிப்பான். கொட்டகைக்குப் பின்னால் இரண்டு புளி நிற்கிறது, அங்கே போயிருப்பான் என்று வைத்துக்கொள்கிறேன்.

கீழக்கரை ராத்தா:

எங்களுடையது பெண்ணாம், இருபது வருஷத்துக்கு மேல் இருக்குமாம். தம்பி அடுத்த மாதம் வேலைக்கு துபாய் போகிறான், டப்பாவை என் தலையில் கட்டிவிட்டான். உம்மாவிடம் எப்படிச் சொல்வது?

தீவுக்காரன்:

உம்மா இருக்கட்டும் தங்கச்சி, முதலில் வனத்துறை. அந்த இனம் சைட்டிஸ் பட்டியலில் உள்ளது, அதாவது அருகிவரும் உயிர்களின் உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கு அப்புறம் அப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். தம்பி விமானம் ஏறுவதற்கு முன்னால் அவனையே கூட்டிக்கொண்டு போங்கள்.

கீழக்கரை ராத்தா:

அப்போ ஆபீசுக்கு உம்மாவும் வருவார்கள். கறுப்புக் கண்ணாடியை எடுத்து வைக்கச் சொல்கிறேன் அவனை.