அரை ஆயுளா, பாதியாகு காலமா?

நம் சொற்பட்டியல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கதிரியக்கப் பொருளில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலத்துக்கு (half-life) எந்தத் தமிழ்ச்சொல் என்பதே என் கேள்வி.

ஐந்தாம் படிவ இயற்பியல் பயிற்சித்தாள் வியாழனுக்குள் அச்சுக்குப் போகவேண்டும். சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் நடக்கும் டியூஷனுக்கு. பிள்ளைகள் பள்ளியில் மலாயில் படிப்பது ‘செபாரு ஹயாட்’. நான் அதை ‘அரை ஆயுள்’ என்று சொல்லி வந்தேன். போன வாரம் ஒரு மாணவி வெண்பலகையில் எழுதினாள்: அயோடின்-131, 80 மில்லிகிராம். 8 நாளில் 40. 16 நாளில் 0.

“அரை ஆயுள் எட்டு நாள்னா முழு ஆயுள் பதினாறுதானே டீச்சர்?”

அவளைக் குறை சொல்ல முடியவில்லை, சொல்லே அப்படித்தான் காட்டுகிறது. 16ஆம் நாள் 20 இருக்கும், 24ஆம் நாள் 10.

ஐயா ‘அரைவாழ்வு’ என்கிறீர்கள். ஆயுள் வடசொல்தான், ‘வாழ்நாள்’ குறளிலேயே உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயுளை எடுத்துவிட்டு வாழ்வை வைத்தால் அந்தப் பூஜ்யம் போய்விடுமா? அப்புறம், சராசரி ஆயுள் என்று வேறோர் அளவே இருக்கிறது, ஓர் அணு சராசரியாகச் சிதையாமல் இருக்கும் காலம், அரை ஆயுளைப்போல் சுமார் 1.44 மடங்கு. ஆயுள் என்ற சொல் அங்கே இருக்கட்டும். அக்கா சொன்ன ‘அரைபடு காலம்’ சுருக்கமானது. ஆனால் எங்கள் பக்கம் அரைபடுவது மசாலா.

நான் கேட்பது ‘பாதியாகு காலம்’. பாதி என்பது பகுதியின் மரூஉ, வேர் ‘பகு’. அதைவிட எனக்குப் பிடித்தது இது வினைத்தொகை என்பது. ஊறுகாய் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். அதுபோலப் பாதியான, பாதியாகின்ற, பாதியாகும் காலம். எந்த நாளில் எண்ணத் தொடங்கினாலும், அன்று இருப்பது பாதியாக அதே எட்டு நாள்தான். முக்காலத்துக்கும் பொதுவான ஒன்றுக்கு இதைவிடப் பொருந்தும் தொகை நம் இலக்கணத்தில் எது?

இது வகுப்பறைக் கவலை மட்டுமல்ல. ஈப்போ பக்கத்துப் புக்கிட் மேராவில் அரிய மண் தனிமங்களைப் பிரித்த ஆலை விட்டுச்சென்ற கதிரியக்கத் தோரியக் கழிவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, “இத்தனை வருஷத்தில் அதுக்கு ஆயுசு முடிஞ்சிருக்குமே” என்றார். தோரியம்-232 பாதியாக ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு ஆகும். ‘ஆயுள்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அவரிடம் இதை எப்படி விளக்குவது?

தேர்வில் வருவதால் செபாரு ஹயாட்டையும் பக்கத்தில் போடுகிறேன். புதன் இரவுக்குள் சொல்லுங்கள்.

— — —

தங்கைக்கு,

வினைத்தொகை வாதம் நன்று. ஆனால் ‘பாதியாகு காலம்’ விளக்கம், பெயர் அன்று. நான்கு பேர் உங்கள் பக்கம் எழுதிவிட்டார்கள், தாளில் அதையே போடுங்கள். நம் சொற்பட்டியலில் மட்டும் அரைவாழ்வை நீக்க நான் உடன்படவில்லை.