வெள்ளத்துக்கு ஆறாயிரம், பட்டத்துக்கு ஐந்து கோடியா?

சிந்துபூந்துறைக்காரன்:
2024 டிசம்பரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனதும் தமிழக அரசு 5 கோடி அறிவித்தது. அதே மாதம் ஃபெஞ்சல் புயலில் மூழ்கிய விழுப்புரம், கடலூர் பக்கம் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய். அதற்கு முந்தின டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நமக்குக் கிடைத்தது 6,000. எங்கள் தெருவில் கட்டில், கிரைண்டர், பிள்ளைகளின் சர்டிபிகேட் என்று எல்லாம் சேற்றோடு போச்சு, அந்தப் பணத்தில் என்ன வாங்க? குகேஷ் மேல் ஒரு வருத்தமும் இல்லை, அவர் ஜெயித்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் போட்டியிலேயே சுமார் 11 கோடி வாங்கியவருக்கு, அரசாங்கம் கடனில் ஓடும்போது பொதுப்பணத்தில் இன்னும் கொடுக்கத்தான் வேண்டுமா? அண்ணாச்சிமார் சொல்லுங்க.

பாளை மார்க்கெட்:
தம்பி, மாநிலக் கடன் 2025 மார்ச்சில் 8.33 லட்சம் கோடியைத் தொடும் என்று பட்ஜெட்டிலேயே இருந்தது. அதில் 5 கோடி எந்த மூலைக்கு? அதைக் கொடுக்காமல் விட்டிருந்தாலும் நிவாரணம் 2,000 தான் இருந்திருக்கும். கோபப்பட வேண்டிய இடம் வேற. 2024 டி20 உலகக் கோப்பை ஜெயித்த அணிக்குக் கிரிக்கெட் வாரியம் 125 கோடி கொடுத்த பிறகு, மகாராஷ்டிர அரசு தன் பங்குக்கு 11 கோடி அறிவித்ததே, அதைக் கேளுங்க.

சிந்துபூந்துறைக்காரன்:
அண்ணாச்சி, 5 கோடி என்றால் 25,000 குடும்பத்துக்கு 2,000 ரூபாய். சேறு அள்ளினவனுக்கு அது சின்னக் கணக்கு இல்லை.

கிராமத்து பி.டி. வாத்தியார்:
ரெண்டு பேரும் கடைசியில் கொடுக்கிற பணத்தைப் பற்றியே பேசுறீங்க. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் கபடித் தங்கம் வாங்கின அணியில் ஆடினவர், நம்ம ஸ்ரீவைகுண்டம் பக்கம். அவரைப் பார்த்துத்தான் இங்கே இன்னும் பிள்ளைகள் மண்ணில் விழுந்து புரளுது. என்கிட்ட ஒரு பிள்ளை இருக்கு, நல்ல ரைடர், போன மாதம் முட்டியில் அடி. ஸ்கேன் எடுக்கக் காசு இல்லாமல் கிரேப் பேண்டேஜைச் சுத்திக்கிட்டு ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்குது. அம்மா பீடி சுற்றுகிறவர், நான் பேசப் போனபோதும் மடியில் சுளகை வைத்து இலையைச் சுருட்டிக்கிட்டே, "ஆடினா வேலை கிடைக்குமா சார்?" என்றார். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு என்று சொன்னேன். ஆனால் அதற்கு முதலில் பதக்கம் வேணும், பதக்கத்துக்கு முட்டி வேணும். ஜெயித்தவருக்குத் தாராளமாகக் கொடுங்க, எனக்குப் பொறாமை இல்லை. இந்தப் பிள்ளைக்கு இப்போ வேண்டியது சில ஆயிரம், அது வர மாட்டேங்குதே என்றுதான் வயிறு எரியுது.

டவுன் ரதவீதி:
வாத்தியார் சொன்னதற்கு குகேஷ் கதையே சாட்சி. 2023 டிசம்பரில் நாம் வெள்ளத்தில் கிடந்த அதே வாரம் சென்னையில் ஒரு செஸ் போட்டி நடந்தது, நடத்தியது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். அதில் ஜெயித்ததுதான் அவர் கேண்டிடேட்ஸுக்குள், அதாவது உலகச் சாம்பியனோடு மோதப் போவது யார் என்று முடிவு செய்கிற போட்டிக்குள், நுழைய வழி செய்தது, அங்கிருந்துதான் உலகப் பட்டம். என் கணக்கில், அப்புறம் கொடுத்த 5 கோடியைவிடச் சரியான நேரத்தில் நடத்தின அந்த ஒரு போட்டி பெரிய உதவி. சிங்கப்பூரில் 2016 ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வாங்கின ஜோசப் ஸ்கூலிங்குக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தாங்க, ஆனால் அதில் 20 சதவீதம் பயிற்சிக்காக அந்த விளையாட்டுச் சங்கத்துக்குப் போகணும் என்று விதி. இங்கேயும் கோடிக்கு மேலான பரிசில் ஒரு பங்கை அந்தந்த மாவட்டப் பிள்ளைகளின் சிகிச்சைக்கு ஒதுக்கலாம். வெள்ளம் வந்த வருஷம் என்றால் பரிசைத் தவணையாகக்கூடக் கொடுக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டாங்க.

சிந்துபூந்துறைக்காரன்:
பங்கு ஒதுக்குவது எனக்குச் சம்மதம். 11 கோடி வாங்கினவருக்கு மேலே 5 கோடி என்பதை மட்டும் இன்னும் மனசு ஒத்துக்கலை. வாத்தியாரே, அந்தப் பிள்ளைக்கு, விளையாட்டு வீரர்களுக்கு உதவுகிற தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் விண்ணப்பம் போட்டாச்சா? ஃபார்ம் நிரப்புவது, சர்டிபிகேட் ஸ்கேன் பண்ணி ஏற்றுவது எல்லாம் நான் பார்த்துக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷன் பக்கம் வர முடியுமா?